திரைப்படமா, தொடரா? லைராவின் கதைக்கு எது பொருந்தும்

2025 அக்டோபரில் ‘தி ரோஸ் ஃபீல்ட்’ வெளிவந்ததும் ஃபிலிப் புல்மனின் ‘தி புக் ஆஃப் டஸ்ட்’ வரிசை மூன்று நூல்களோடு நிறைவடைந்துவிட்டது. அன்று முதல், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: இந்த மூன்று நூல்களும் திரைக்கு வருமானால், திரைப்படங்களாக வர வேண்டுமா, தொடராக வர வேண்டுமா? லைரா என்ற சிறுமியை நாயகியாகக் கொண்ட, இதே ஆசிரியரின் முந்தைய வரிசையான ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ இரண்டு வடிவங்களிலும் எடுக்கப்பட்டிருப்பதால், வெறும் ஊகத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டிய நிலை எங்களுக்கு இல்லை.

நான் தொடரின் பக்கம். முந்தைய மூன்று நூல்களையும் வாசித்து முடித்திருந்த எங்கள் வட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் எதைப் போட்டுக் காட்டுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது, முதல் நூலைத் தழுவி 2007இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படத்தை விட்டுவிட்டு, பிபிசியும் எச்.பி.ஓ.வும் 2019 முதல் 2022 வரை வெளியிட்ட தொடரைத் தேர்ந்தெடுத்தோம். அதற்காக அதிகம் வாதாடியவள் நான்தான். எனவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கதையின் முடிவுகளைத் தொடாமல் இதைப் பேசவும் முடியாது என்பதால், நூல்களை இனிமேல்தான் வாசிக்கப் போகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளிப்படையாகத் தெரிகிற வேறுபாடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் 113 நிமிடங்களில் முடிந்துவிடும். தொடருக்கு மூன்று பருவங்களில் 23 அத்தியாயங்கள் உண்டு. படத்துக்குச் செலவானது ஏறத்தாழ 18 கோடி அமெரிக்க டாலர். காட்சி நுட்பத்துக்காக 2008இல் ஆஸ்கர் விருதும் பெற்றது. கவசமணிந்த பனிக்கரடிகள் இரண்டும் மோதிக்கொள்ளும் காட்சியில் படத்தை மிஞ்ச ஆளில்லை. மனிதரின் ஆன்மா விலங்கு வடிவில் உடலுக்கு வெளியே நடமாடுகிற அந்த உலகத்தில், கூட்டம் கூடுகிற இடமெல்லாம் டீமன்கள் தெரிய வேண்டும். தொடரின் முதல் பருவத்தில் அவை போதுமான அளவுக்குக் கண்ணில் படவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டது நியாயமே. ஆனால் படத்தை நான் கோலாலம்பூரில் பெரிய திரையில் பார்த்தேன், தொடரை வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஆகவே காட்சியழகைப் பொறுத்தமட்டில் என் தீர்ப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நடிப்பிலும் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன். கதையின் வில்லியான மிசஸ் கோல்ட்டராக நிக்கோல் கிட்மேன் வந்து நிற்கும்போது பயமும் மயக்கமும் சேர்ந்தே வருகின்றன. தொடரில் அதே வேடத்தில் வரும் ரூத் வில்சனோ, ஒரு வார்த்தைகூடப் பேசாத தன் டீமனான பொன்னிறக் குரங்கோடு கொண்டிருக்கும் உறவின் வழியாகவே அந்தப் பெண்ணின் தன்வெறுப்பைக் காட்டிவிடுகிறார்.

எங்கள் வட்டத்தில் திரைப்படத்துக்காக விடாமல் வாதாடுகிறவர் ஓர் இளம் பொறியாளர். “அக்கா, தொடர் என்றால் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டேதான் பார்ப்பார்கள். இருட்டான அரங்கில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால்தான் இந்த மாதிரிக் கதை மனத்தில் இறங்கும்” என்பது அவர் கட்சி. இதை நான் மறுக்கவில்லை. தொடரின் சில அத்தியாயங்களில், குறிப்பாக இரண்டாம் பருவத்தின் நடுப்பகுதியில், பிள்ளைகளின் கவனம் சிதறியதை நானே பார்த்தேன். ஒரே மூச்சில் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. அது தொடருக்கு வாய்க்காது.

இருந்தாலும் என் தேர்வு மாறவில்லை. இந்தக் கதையைப் பொறுத்தவரை, மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: தொடங்கியவர்கள் கதையை முடித்தார்களா?

முதல் நூலான ‘நார்தர்ன் லைட்ஸ்’ எப்படி முடிகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நண்பன் ரோஜரைக் காப்பாற்றுவதற்காகவே வடக்கு நோக்கிப் புறப்பட்ட லைரா, அவனை மீட்டுத் தன் தந்தை அஸ்ரியலிடம் தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அந்தத் தந்தையோ ரோஜரை அவன் டீமனிடமிருந்து அறுத்துப் பிரித்து, அதில் வெடிக்கும் ஆற்றலைக் கொண்டு வேறோர் உலகத்துக்கு வழி திறக்கிறார். ரோஜர் இறந்துபோகிறான். 2007 படத்துக்காக இந்த இறுதிப் பகுதியையும் எடுத்தார்கள். எடுத்த பிறகு, அடுத்த படத்தின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வெட்டி வைத்துவிட்டார்கள். ஆகவே லைராவும் ரோஜரும் வான்கப்பலில் நம்பிக்கையோடு பறந்து செல்வதோடு படம் முடிகிறது. அடுத்த படம் வரவே இல்லை.

இதை ஒரு காட்சி குறைந்துபோன விஷயமாக மட்டும் பார்க்கக் கூடாது. மூன்றாம் நூலான ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ கதையில் லைரா இறந்தோரின் உலகத்துக்கு இறங்கிச் செல்கிறாள். ரோஜரைக் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற ஒரே தவிப்புதான் அவளை அங்கே இழுத்துக்கொண்டு போகிறது. ரோஜரின் சாவு இல்லையென்றால் அந்தப் பயணம் இல்லை. அந்தப் பயணம் இல்லையென்றால் மூன்றாம் நூலே இல்லை. அஸ்திவாரத்தை எடுத்துப் பத்திரமாக வேறிடத்தில் வைத்துவிட்டு வீடு கட்டியதைப் போன்றது அந்தப் படம். தொடரோ முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் ரோஜரின் மரணத்தை எதையும் மழுப்பாமல் காட்டியது. மூன்றாம் பருவத்தில் அவனை மீண்டும் சந்திக்கும் இடத்துக்கும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சிறிய இடங்களிலும் இதே வேறுபாடு தெரியும். டீமன் அறுக்கப்பட்ட சிறுவன் ஒருவனை லைரா பனிக்காட்டில் கண்டெடுக்கும் பகுதியில், நூலில் அந்தச் சிறுவனின் பெயர் டோனி மக்காரியோஸ். தன் டீமன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காய்ந்த மீனை இறுக அணைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான். நான் வாசித்த மிகக் கொடிய பக்கங்களில் அதுவும் ஒன்று. படம், தொடர் இரண்டுமே டோனிக்குப் பதிலாக லைராவின் இன்னொரு நண்பனான பில்லி கோஸ்டாவை அங்கே வைத்துவிட்டன. ஆனால் படம் அவன் சாவைக் காட்டாமலே நகர்ந்துவிடுகிறது. தொடரில் அவன் தன் தாயின் அணைப்பிலேயே உயிர் விடுகிறான். போகலாம் என்று அவள்தான் அவனுக்கு விடை கொடுக்கிறாள். அந்த அத்தியாயம் முடிந்தபோது எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்துபோய்த் தன் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அறுக்கப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அந்த ஓர் இடத்தில் உணர்ந்துகொண்டவர்களுக்குத்தான் பிறகு ரோஜருக்கு நேர்வதன் பாரம் முழுமையாகத் தெரியும்.

படம் ஏன் நின்றுபோனது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. உலகம் முழுவதிலும் அது ஏறத்தாழ 37 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் அமெரிக்காவில் கிடைத்தது 7 கோடி அளவுக்குத்தான். தயாரித்த நியூ லைன் நிறுவனம் செலவை ஈடுகட்ட வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்றுவிட்டதால், நம்மைப் போன்றவர்கள் வாங்கிய டிக்கெட்டின் பயன் அதற்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை. இதே நியூ லைன்தான் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களையும் தயாரித்தது. அங்கே மூன்று படங்களையும் நியூசிலாந்தில் ஒருசேர எடுத்து முடித்துவிட்டு, 2001, 2002, 2003 என்று ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார்கள். முதல் படம் ஓடுமா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தீர்மானிக்கலாம் என்று விட்டுவைக்கவில்லை. நம் ‘பொன்னியின் செல்வ’னும் அப்படித்தான்: மணிரத்னம் இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுத்ததால், 2022 செப்டம்பரில் முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு அரங்கை விட்டு வெளியே வந்தவர்களுக்கு, அருள்மொழிவர்மன் என்ன ஆனான் என்பது அடுத்த ஏப்ரலுக்குள் தெரிந்துவிடும் என்ற உறுதி இருந்தது. கல்கியின் ஐந்து பாகங்கள் இரண்டு படங்களுக்குள் அடங்குமா என்பது வேறு விவாதம்.

ஆகவே திரைப்படம் என்ற வடிவத்தின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. முழுக் கதைக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கி, முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டு வெளியிடுவார்கள் என்றால் என் வாதத்தின் பாதி வலு போய்விடும். அதேபோல, தொடர் என்றாலே கதை முடிந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 14 நூல்கள் கொண்ட ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை மூன்றே பருவங்களோடு 2025இல் நிறுத்திவிட்டார்கள். அந்த நூல்களை நான் வாசித்ததில்லை. வாசித்த நண்பர்கள் பட்ட வேதனையைப் பார்த்தேன். புல்மனின் வரிசை மூன்று நூல்களோடு நின்றதும், தொடர் தொடங்கும் முன்பே அவை எழுதி முடிக்கப்பட்டிருந்ததும் தொடருக்குப் பெரிய துணையாக அமைந்தன. அப்படியும் பெருந்தொற்றால் இரண்டாம் பருவத்தில் அஸ்ரியலைப் பற்றிய ஓர் அத்தியாயம் எடுக்கப்படாமல் போனது. இரண்டாம் பருவத்துக்கும் மூன்றாம் பருவத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் ஓடின. நூலில் சிறுமியாகவே இருக்கும் லைரா, திரையில் கண்ணெதிரே வளர்ந்துவிட்டாள்.

இனி, வரப்போவதாக நாங்கள் ஆசைப்படும் நூல்களுக்கு வருகிறேன். ‘தி புக் ஆஃப் டஸ்ட்’ வரிசையின் முதல் நூலான ‘லா பெல் சாவேஜ்’ லைரா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நடக்கிறது. தேம்ஸ் பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடிக்க, பதினொரு வயது மால்கமும் ஆலிஸும் குழந்தையை ஒரு சிறு படகில் வைத்துக்கொண்டு தப்பிச் செல்கிறார்கள். மூன்று கால் கழுதைப்புலியை டீமனாகக் கொண்ட ஒருவன் அவர்களைத் துரத்துகிறான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை வரை ஏறிய வெள்ளத்தில் உறவினர்களைப் படகில் மீட்டவர்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். தெருவே ஆறாகி, தெரிந்த கட்டடங்களின் மேல்மாடி மட்டும் தலைநீட்டும் அந்தப் பக்கங்களை அவர்கள் வாசித்த விதமே வேறு. நேர்க்கோட்டில் ஓடும் இந்த நூல் ஒரு திரைப்படத்துக்குக் கச்சிதமாக அமையும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2021இல் லண்டனில் இதை மேடை நாடகமாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

சிக்கல் இரண்டாம் நூலில் வருகிறது. ‘தி சீக்ரெட் காமன்வெல்த்’ நூலில் லைராவுக்கு வயது இருபது. அவளும் அவள் டீமன் பான்டலைமனும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலைக்கு வந்து, கடைசியில் பான் அவளை விட்டே போய்விடுகிறது. இந்த மனக்கசப்பின் வேர், இறந்தோர் உலகத்தின் கரையில் இருக்கிறது: படகில் ஏற வேண்டுமானால் டீமனை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றபோது லைரா பானைக் கரையிலேயே விட்டுப் போனாள். தொடரின் மூன்றாம் பருவத்தில் அந்தப் படகு நகரும்போது லைராவாக நடித்த டாஃப்னி கீன் வலி தாளாமல் துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, பானின் கோபத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்கும் ஒரு திரைப்படம் அதை முன்கதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். பத்து நிமிடச் சுருக்கத்தில் அந்த வலி வராது. போதாக்குறைக்கு, இந்த நூலின் பெரும்பகுதி தனித்தனியே ஸ்மிர்னா, அலெப்போ என்று கிழக்கு நோக்கிப் போகும் பயணம். ரயில் பெட்டியில் டீமன் இல்லாமல் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை மற்றப் பயணிகள் அருவருப்போடு பார்க்கும் பார்வைக்கு நேரம் கொடுக்க வேண்டும். தொடரால் அது முடியும்.

இன்னொன்றும் உண்டு. டாஃப்னி கீன் பிறந்தது 2005இல். அந்த லைராவின் வயதுக்கு அவர் இப்போது வந்துவிட்டார். அதே முகம், அதே குரலோடு சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் லைராவைப் பார்க்கும் வாய்ப்பு, வேறு தயாரிப்பாளரின் திரைப்படத்தில் கிடைக்காது. ‘தி ரோஸ் ஃபீல்ட்’ நூலை நான் பாதிக்கு மேல் தாண்டவில்லை என்பதால், அதன் முடிவு எந்த வடிவத்துக்கு ஏற்றது என்பதை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பொறியாளர் தம்பி விட்டுக்கொடுத்துவிடவில்லை. ‘லா பெல் சாவேஜ்’ மட்டுமாவது பெரிய திரைக்கு வரட்டும், வெள்ளத்தைக் கைப்பேசித் திரையில் பார்க்க முடியாது என்கிறார். வரட்டும், நானும் விரும்பிப் பார்ப்பேன். ஆனால் அடுத்த இரண்டு நூல்களின் படப்பிடிப்பும் முடிந்துவிட்டது என்ற செய்தி வரும்வரை, எங்கள் வட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் டிக்கெட் எடுக்க மாட்டேன்.