பல்கலைக்கழகப் பணத்தில் மாணவர் கை: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

பல்கலைக்கழகத்தின் பணம் எந்தெந்தக் கம்பெனிகளில் கிடக்கிறது என்று கேட்க ஆரம்பிக்கும் மாணவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மாணவர்களே பங்குகளை வாங்கி விற்று நடத்தும், லாபத்தையே குறியாகக் கொண்ட முதலீட்டு நிதியில் சேரலாம். அதேபோல் மாணவர்கள் நடத்தும், ஆனால் சமூகப் பொறுப்பையும் கணக்கில் எடுக்கும் நிதியில் சேரலாம். அல்லது எந்த நிதியையும் தொடாமல், நன்கொடைகளால் சேர்ந்து நிர்வாகத்தின் கையில் இருக்கும் மூலநிதியையே மாற்றச் சொல்லிப் போராடலாம்.

முதல் வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பங்கின் விலை அதன் வருவாயைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் விலை-வருவாய் விகிதத்தைப் பாடமாகப் படிப்பது வேறு. உண்மையான பணத்தில் ஒரு பங்கை வாங்கி, அது சரியும்போது விற்பதா வைத்திருப்பதா என்று சக மாணவர்களோடு வாதிடுவது வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 1970இல் தொடங்கிய திட்டம் இப்படித்தான் மாணவர்களைப் பழக்குகிறது. அளவுகோலும் எளிது: அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 போன்ற ஒரு குறியீட்டின் ஏற்றத்தைத் தாண்டினோமா, இல்லையா? ஆனால் அந்தக் கம்பெனி ஆற்றில் என்ன கலக்கிறது, தொழிலாளியை எப்படி நடத்துகிறது என்ற கேள்வி, பங்கு விலையைத் தொட்டால் மட்டுமே அந்த அறைக்குள் வருகிறது.

இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஹாஸ் வணிகப் பள்ளியில் 2008இல் தொடங்கிய சமூகப் பொறுப்பு முதலீட்டு நிதி. எம்.பி.ஏ. மாணவர்கள் நடத்துவது, அளவு சில மில்லியன் டாலர். இங்கே வேலை இரட்டிப்பாகிறது. கணக்கும் பார்க்க வேண்டும், நடத்தையையும் எடை போட வேண்டும். புகையிலை வேண்டாம், ஆயுதம் வேண்டாம் என்று பட்டியல் போட்டு விலக்குவது சுலபம். மாசும் உண்டு, அதைக் குறைக்கும் முயற்சியும் உண்டு என்கிற நடுத்தரக் கம்பெனியை என்ன செய்வது? அதற்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்வது என்று பார்த்தால் முதல் வழியைவிட இதுவே கடினம், அதனால் இதுவே மேல் என்பது என் கருத்து.

லாபம் குறையாதா? இங்கே பலரும் ஒரே ஒரு வருடத்துக் கணக்கைக் காட்டி வாதத்தை முடித்துவிடுகிறார்கள். 2020இல் டிவிடெண்டோடு சேர்த்து எஸ் அண்ட் பி 500 சுமார் 18 சதவீதம் ஏறியது. அதிலுள்ள எரிசக்தித் துறையோ, அதாவது எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகளோ, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. 2022இல் அப்படியே தலைகீழ்: குறியீடு சுமார் 18 சதவீதம் இறங்க, எரிசக்திப் பங்குகள் 60 சதவீதத்துக்கு மேல் ஏறின. எண்ணெய்க் கம்பெனிகளை ஒதுக்கிய ஒரு மாணவர் குழு முதல் ஆண்டில் மேதைகளாகவும், இரண்டு ஆண்டு கழித்து வந்த குழு ஏமாளிகளாகவும் தெரிந்திருப்பார்கள். இருவர் எடுத்ததும் ஒரே முடிவுதான். ஓரிரு வருடத்தில் படிப்பை முடித்துக் கிளம்புகிறவர்களை வருட லாபத்தால் மதிப்பிடுவது நியாயமே இல்லை.

இந்த நிதிகளின் உண்மையான பலம் விலக்குப் பட்டியலில் இல்லை, பங்குதாரர் வாக்கில் இருக்கிறது. 2020இல் மாற்றப்பட்ட அமெரிக்க விதிப்படி, ஒரு கம்பெனியில் 25,000 டாலர் பங்கை ஒரு வருடமோ, 2,000 டாலர் பங்கை மூன்று வருடமோ தொடர்ந்து வைத்திருப்பவர் பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்குத் தீர்மானம் கொண்டுவரலாம். சின்ன மாணவர் நிதிக்கே எட்டுகிற தொகைதான். 2021இல் எஞ்சின் நம்பர் 1 என்ற சிறிய நிதி, வெறும் 0.02 சதவீதப் பங்கோடு எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபிலின் இயக்குநர் குழுவில் 3 இடங்களைப் பிடித்தது. பெரிய நிதி நிறுவனங்கள் கூட நின்றதால்தான் முடிந்தது, சரி. ஆனால் வாதத்தைத் தொடங்கிவைத்தது அந்தச் சின்னப் பங்கு. புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் பழைய பங்குகளை விற்றுத் தன் விருப்பப்படி வாங்கினால் இந்த உரிமை கரைந்துவிடும். அந்தப் பழக்கம்தான் என்னை வருத்துகிறது.

மூன்றாவது வழி அளவில் வேறு உலகம். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1977இல், அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரி அங்கே தொழில் செய்த கம்பெனிகளிலிருந்து முதலீட்டை விலக்கியது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1986இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 310 கோடி டாலரை விலக்கிக்கொள்ள முடிவெடுத்தது. பெர்க்லியும் அதே பல்கலைக்கழகத்தின் வளாகம்தான். மாணவர் நிதியின் சில மில்லியனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளேயிருந்து திருத்துவோம் என்ற வாதமும் அன்று இருந்தது. கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் இயக்குநராக இருந்த பாதிரியார் லியான் சல்லிவன் 1977இல் தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்த கம்பெனிகளுக்கு நடத்தை விதிகள் வகுத்தார். பத்து வருடம் கழித்து, அவை போதவில்லை, கம்பெனிகள் வெளியேறியே ஆக வேண்டும் என்று அவரே சொன்னார். பேசித் திருத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை, அதை நம்பி உழைத்தவரே ஒப்புக்கொண்ட இடம் அது.

விலக்குவதற்கும் விலை உண்டு. பங்கை விற்ற அன்றே வாக்கும் போய்விடும். வாங்குகிறவர் அக்கறை இல்லாதவராக இருக்கலாம். தெருவில் நின்று கோஷம் போடும் மாணவருக்கு, "இதனால் உதவித்தொகைக்கு வரும் வருமானம் எவ்வளவு குறையும்?" என்று நிர்வாகம் திருப்பிக் கேட்கும்போது பதில் தேவைப்படுகிறது. அந்தப் பதிலைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாவது வழியில் பழகியவர்கள்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் பொறுப்பு நிதியைச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அந்த மாணவர்களுக்கு மூலநிதியின் ஆலோசனைக் குழுவில் இடம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் மாணவர் நிதி ஒரு காட்சிப்பொருள். பெரும்பணம் பழையபடியே ஓடும், சின்னப் பணத்தைக் காட்டி நிர்வாகம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் போராட்டமே சரியான வழி. எந்தக் குழுவில் சேர்ந்தாலும், முதல் கூட்டத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நம் பங்குகளுக்கான வாக்கை இப்போது யார் போடுகிறார்கள்?