அடி எப்போது விழும்? 2024 டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேடு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மொட்டைமாடியில் கூடி ஆடும் எங்கள் குழு, பகடை உருட்டிக் கதைமாந்தர்களாக ஆடும் இவ்விளையாட்டின் விதிநூலான இதில் முதலில் புரட்டியது, மந்திரக்காரரைச் சுற்றி ஆவிகளைச் சுழலவிட்டு எதிரிகளை அடிக்கும் 'ஸ்பிரிட் கார்டியன்ஸ்' மந்திரத்தைத்தான். 2014 பதிப்பில், ஆவிகள் சுழலும் வட்டத்துக்குள் எதிரி தன் முறையை (ஆட்டத்தில் தனக்கு வரும் வாய்ப்பை) தொடங்கினாலோ, ஒரு முறையில் முதன்முதலாக நுழைந்தாலோதான் அடி விழும். மந்திரக்காரரே நடந்துபோய் வட்டத்தை எதிரியின்மேல் கொண்டுசேர்த்தால் உடனே ஒன்றும் ஆகாது. இப்போதோ வட்டம் எதிரியைத் தொட்டவுடனும், எதிரி தானே நுழையும்போதும், உள்ளிருந்தபடி தன் முறையை முடிக்கும்போதும் விஸ்டம் சோதனை (எதிரி தன் மனவிழிப்பால் அடியைக் குறைக்கிறதா என்று பகடை உருட்டிப் பார்ப்பது) உண்டு. தவறினால் மூன்று எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்கு அடி, தேறினால் பாதி. ஒரு முறைக்கு ஒரு சோதனை என்ற வரம்பு தெளிவானதே ஆயினும், மந்திரக்காரரின் முறையிலும் எதிரியின் முறையிலுமாக ஒரே சுற்றில் இரண்டு அடி விழுவதை அது தடுப்பதில்லை (எங்கள் ஆட்ட நடத்துநர் இதை இன்னும் முணுமுணுப்போடுதான் ஏற்கிறார்). வட்டம் மந்திரக்காரரோடு எவ்வாறு நகரும் என்ற விளக்கத்தை மந்திரத்தின் அருகிலேயே தராமல் கடைசிச் சொற்களஞ்சியத்தில் வைத்திருப்பது மட்டும் சண்டையின் நடுவே எரிச்சலூட்டுகிறது.