பட்டமளிப்புப் படங்களுக்கு அமர்த்திய ஸ்டூடியோ

மகளின் பட்டமளிப்புக்காக, கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்து படமெடுக்க, லிட்டில் இந்தியாவில் இயங்கும் சிறிய ஸ்டூடியோ ஒன்றை அமர்த்தினோம். வெயில் உச்சிக்கு ஏறினால் கண்குழிகளில் நிழல் விழும் என்று காலை ஏழரைக்கே வரச் சொன்னார்கள். தொப்பியின் விளிம்பு நெற்றியில் போடும் நிழலைப் போக்க, உதவியாளர் வெள்ளைப் பலகையை இடுப்புயரத்தில் சாய்த்துப் பிடித்திருந்தார். கறுப்பு அங்கி படத்தை நிறைக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளிறச் செய்துவிடும் என்பதால், ஒளியளவை முகத்தைக் கொண்டே கணித்தது எனக்குப் பிடித்திருந்தது. மாநிறத்தைக் கணினியில் வெளுப்பாக்கவும் இல்லை (இதற்காகவே தனியாகப் பாராட்டலாம்). முகப்படங்களுக்கு ஏற்ற 85 மிமீ லென்ஸில் எடுத்த தனிப்படங்களில் அங்கியின் கழுத்தோரம் தெரிந்த பட்டுப்புடவைக் கரைகூடத் துல்லியம்.

குடும்பப் படத்தில்தான் குறை: லென்ஸ் துளையை அகலத் திறந்தே வைத்திருந்ததால் கூர்மை முன்வரிசையோடு நின்றுவிட, பின்வரிசையில் நின்ற என் மாமனாரின் முகம் தெளிவில்லாமல் போய்விட்டது. மறுபடி எடுத்துத் தர மனமில்லாமல், கட்டணத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். தனிப்படங்களுக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். ஜூலையில் விழாக்கள் தொடங்கிவிடுவதால் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.