கீவேர்டு கருவிகளோடு ஏழு கோடைகள்: ஒரு மோட்டார் கடை இணையதளத்தின் அனுபவம்

கோவையில் என் மாமா பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். விற்பனை, ரிப்பேர், காயில் கட்டுவது மூன்றும் நடக்கிற கடை. 2018 கடைசியில் அந்தக் கடைக்கு ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தேன், இன்று வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏழு கோடைகள் போய்விட்டன. எங்கள் தொழிலில் கோடையை வைத்துத்தான் கணக்கு. மார்ச் முதல் மே வரை கிணற்றில் தண்ணீர் இறங்கும், பழைய மோட்டார் திணறும், ஆட்கள் கடை தேடுவார்கள். அந்த மூன்று மாதத்தில் கூகுளில் நம் கடை கண்ணில் படாவிட்டால் மீதி ஒன்பது மாதம் பட்டு அவ்வளவு பிரயோசனம் இல்லை.

கீவேர்டு என்றால் ஆட்கள் கூகுளில் அடித்துத் தேடும் சொல். ஆரம்பத்தில் எல்லோரையும் போல, ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கீவேர்டு பிளானரில்தான் தொடங்கினேன். கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று இருந்தால் போதும், இலவசம். சப்மெர்சிபிள் பம்ப், அதன் விலை, வாட்டர் பம்ப் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். எண்கள் பெரிதாக இருந்தன. அந்தச் சொற்களையே தலைப்பில் வைத்து ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து பக்கங்கள் எழுதினேன். முதல் கோடை முழுக்க அவற்றால் ஒரு போன் கூட வரவில்லை. அந்தச் சொற்களுக்கு முதல் பக்கத்தில் இருந்தவை பம்ப் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களும், நாடு முழுக்க விற்கும் சந்தைத் தளங்களும். அதோடு, தேடுகிறவர் டெல்லியில் இருக்கிறாரா தாராபுரத்தில் இருக்கிறாரா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. பிளானரில் இடத்தைத் தமிழ்நாடு என்றோ ஒரு ஊர் என்றோ மாற்ற முடியும். அதை மாற்றிய அன்றே எண்கள் சுருங்கி உண்மைக்குப் பக்கத்தில் வந்தன.

பிளானரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு அது எண்ணை அப்படியே காட்டாது. 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று கூடு கூடாகத்தான் காட்டும். மாதம் 120 பேர் தேடும் சொல்லும் 900 பேர் தேடும் சொல்லும் ஒரே கூட்டில் உட்கார்ந்திருக்கும். எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்ய அது உதவாது. 2019 கோடையில் சின்னதாக ஒரு விளம்பரம் ஓட்டிய பிறகு எண்கள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது, அது காட்டுவது மாதச் சராசரி. ஏப்ரலில் குவிந்து நவம்பரில் காய்ந்து போகும் ஒரு சொல்லுக்குச் சராசரியில் என்ன இருக்கிறது? மாதவாரியாக இருக்கும் பட்டை வரைபடத்தைத் திறந்து பாருங்கள், பருவத் தொழிலுக்கு அதுதான் முக்கியம்.

எங்களுக்குத் திருப்பம் வந்தது எந்தக் கருவியாலும் இல்லை. கடையில் போன் எடுப்பது என் அத்தை. வருகிற கேள்விகளை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒரு நாள் அதைப் புரட்டினேன். "ஏனுங்க, மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்க." பக்கத்துக்கு நாலு இடத்தில் இதே கேள்வி. "கெபாசிட்டர் மாத்தியும் எடுக்கலீங்க." "ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிட்டே இருக்குதுங்க." இவற்றைப் பிளானரில் போட்டேன், எண்ணே இல்லை. சந்தா கட்டி வாங்கிய இன்னொரு கருவியில் போட்டேன், பூஜ்யம். பூஜ்யம் என்றால் யாரும் தேடவில்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் நோட்டு வேறு சொன்னது.

நோட்டை நம்பி, 'மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை' என்று தலைப்பு வைத்து ஒரே ஒரு பக்கம் எழுதினேன். மாமா சொல்லச் சொல்ல எழுதியது. த்ரீ பேஸ் மோட்டாரில் பேஸ் மாறிப் போயிருந்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், தண்ணீர் மேலே ஏறாது அல்லது குறைவாக வரும். இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே போயிருக்கலாம், அப்படியானால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் காயில் போய்விடும். இறக்கிய பைப்பில் ஓட்டை இருக்கலாம். கப்ளிங் உடைந்திருந்தால் மோட்டார் மட்டும் சுற்றும், பம்ப் சுற்றாது. எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதினோம். ஆறு வருடமாக எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்படுவது அந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதைக் காட்டியது கூகுள் சர்ச் கன்சோல். ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் கையில் எடுப்பது இதைத்தான். மற்ற கருவிகள் ஊர் உலகத்தின் தேடலை மதிப்பிட்டுச் சொல்கின்றன. சர்ச் கன்சோல் நம் தளம் எந்தத் தேடலில் தெரிந்தது, எத்தனை முறை, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதைச் சொல்கிறது.

அங்கேதான் தமிழ்த் தேடலின் உண்மை முகத்தைப் பார்த்தேன். மோட்டார், மோட்டர். தண்ணீர், தண்ணி. சப்மெர்சிபிள், சப்மர்சிபிள், சம்மர்சிபிள். வரவில்லை, வரல, எடுக்கவில்லை, எடுக்கல. இதே வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் அடிக்கிறவர்கள் ஒரு பக்கம், ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பேசித் தேடுகிறவர்களின் வாக்கியங்கள் நீளமாக வரும், முழுக் கேள்வியாகவே இருக்கும். ஒரே கேள்வி நாற்பது ஐம்பது உருவத்தில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் சில பேர்தான் தேடியிருப்பார்கள். கட்டணக் கருவி பூஜ்யம் காட்டியதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: ஒவ்வொரு உருவமும் தனியாக அதன் எடைக்கல்லுக்கு மிக லேசு.

2021 ஏப்ரலில் சர்ச் கன்சோலில் ரெஜெக்ஸ் வடிகட்டி, அதாவது ஒரு வடிவத்தைச் சொன்னால் அதற்குப் பொருந்தும் தேடல்களை மட்டும் எடுத்துத் தரும் வசதி, வந்தது எனக்குப் பெரிய உதவி. தமிழ் எழுத்து உள்ள தேடல்களை மட்டும் ஒரு வரியில் பிரித்தெடுக்கலாம். தண்ணீர், தண்ணி என்ற இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்க்கலாம். 16 மாதத் தரவு இருப்பதால் இந்த ஏப்ரலையும் போன ஏப்ரலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரு குறை உண்டு, அது சின்னத் தளங்களைத்தான் அதிகம் பாதிக்கும். மிகக் குறைந்த பேர் மட்டும் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை. அதனால் மொத்தக் கிளிக்கும், பட்டியலில் உள்ள சொற்களின் கிளிக்கைக் கூட்டினால் வருவதும் பொருந்தாது. எங்கள் தமிழ்ப் பக்கங்களில் அந்த இடைவெளி பெரிது. அதற்கும் அத்தையின் நோட்டுதான் துணை.

ஒரு சொல்லின் தேடல் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் பற்றி ஒரு சங்கதி. அது எண்ணிக்கை தராது, உச்சத்தை 100 என்று வைத்து ஒப்பிட்டுக் காட்டும். தமிழில் 'போர்' என்று போட்டேன், 2022 பிப்ரவரியில் செங்குத்தாக ஏறி நின்றது. ஒரு நிமிடம் குழம்பிப் போனேன், மாசியில் இவ்வளவு பேரா போர் போடுகிறார்கள் என்று. அது உக்ரைன் போர். தனிச் சொல்லாகப் போடாமல் 'போர் மோட்டார்', 'போர்வெல்' என்று போட்டால்தான் நம் சரக்கு தெரியும். 'ஆழ்துளைக் கிணறு' என்ற சொல்லையும் பார்த்தேன். அது செய்தித்தாளின் சொல், அரசாங்கத்தின் சொல். மானியம், அனுமதி, செய்தி தேடுகிறவர்கள் அதை அடிக்கிறார்கள். மோட்டார் வாங்க வருகிறவர் யாரும் எங்கள் கடையில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சோலார் பம்ப் மானியம் பற்றிய பக்கத்தில் மட்டும் ஆழ்துளைக் கிணறு என்றே எழுதினேன், மற்ற எல்லா இடத்திலும் போர்தான்.

நடுவில் ஒரு சறுக்கல். 2020இல், தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை செய்யும் ஒரு எஸ்இஓ நிறுவனம் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று மாமாவிடம் பேசிப் பணம் வாங்கியது. பல்லடம், உடுமலை, அவினாசி, சூலூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நாற்பது முறை போட்டார்கள். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத மெட்டா கீவேர்டு என்ற இடத்தில் நூறு சொற்களைத் திணித்தார்கள். அந்த இடத்தைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. ஊர்ப் பக்கங்களோ, கூகுள் வெளிப்படையாக எதிர்க்கும் வகை. சில மாதத்தில் நல்ல பக்கங்களும் சேர்ந்து கீழே இறங்கின. அத்தனையையும் நீக்கிவிட்டு, நாங்கள் ஆள் அனுப்பி மோட்டார் இறக்கித் தரும் ஊர்களைப் பற்றி ஒரே பக்கம் எழுதினேன். பழைய இடம் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. மாமா அந்தப் பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

மாதச் சந்தாக் கருவிகள் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போட்டியாளர் தளம் எந்தச் சொல்லில் நிற்கிறது, அதற்கு யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவை நல்லவை. ஒரு சொல்லுக்கு முதல் பக்கத்தில் வருவது எவ்வளவு கடினம் என்று ஒரு எண் தருவார்களே, அதை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். உதாரணமாக ஏஹ்ரெஃப்ஸ் என்ற கருவி அந்த எண்ணை, முதல் பத்து இடங்களில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்பு கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. தமிழ்ப் பக்கங்களுக்கு இணைப்பு கொடுப்பவர்கள் குறைவு, அதனால் எல்லாமே சுலபம் போலத் தெரியும். தேடிப் பார்த்தால் மேலே யூடியூப் வீடியோக்கள் நிற்கும். எந்தச் சொல்லையும் ஒரு முறை போனில் நாமே தேடிப் பார்க்காமல் பக்கம் எழுதக் கூடாது.

2025 செப்டம்பரில் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன், அதாவது தேடலில் நம் தளம் தெரிந்த எண்ணிக்கை, திடீரென்று விழுந்தது, கிளிக் விழவில்லை. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வழியைக் கூகுள் அந்த மாதம் நிறுத்தியது. எந்தத் தளம் எத்தனையாவது இடம் என்று பார்க்கும் தரவரிசைக் கருவிகள் அந்த வழியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தன, அவற்றின் வருகையும் இம்ப்ரெஷனாகச் சேர்ந்திருந்தது. உங்கள் தளத்திலும் அப்படி விழுந்திருந்தால் கிளிக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுளே ஏஐ மூலம் பதில் எழுதிக் காட்டும் ஏஐ ஓவர்வியூ 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த பிறகு எங்கள் ஆங்கில விளக்கப் பக்கங்களுக்கு வருகிறவர்கள் குறைந்ததும் உண்மை. விலை கேட்பவர்களும் ரிப்பேருக்குக் கூப்பிடுபவர்களும் குறையவில்லை.

இப்போது கட்டணக் கருவிக்கு வருடத்தில் ஜனவரி மாதம் மட்டும் பணம் கட்டுகிறேன். கோடைக்கு முன்னால் போட்டித் தளங்களைப் பார்த்து, விலைப் பக்கங்களைத் திருத்த அது போதும். சர்ச் கன்சோலை வாரம் ஒரு முறை திறக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் அத்தையின் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் அதில் புதிதாக ஒரு கேள்வி மூன்று முறை இருந்தது: மொபைலில் மோட்டார் ஆன் பண்ணுகிற ஸ்டார்ட்டர், சிம் மாற்றினால் வேலை செய்யுமா என்று. எல்லாக் கருவியிலும் பூஜ்யம்தான். பாதி எழுதிவிட்டேன், மாமா ஒரு முறை படித்துச் சொன்னதும் போட்டுவிடுவேன்.