புதுக்கடை கோட் தையல்கடை: தையல் நல்லது, தவணைதான் பிரச்சினை

தங்கச்சி சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுக்கப் போகிறாள் என்று கறுப்புக் கோட் தைக்கக் கொழும்பு புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் உள்ள ஒரு சின்னக் கடைக்குப் போனோம். தோள் அப்படியே உட்காருகிறது, உள்துணியும் கொழும்பு வெக்கைக்குத் தோதானது. ஆனால் சொன்ன நாளுக்குத் தரவில்லை, வழக்கைப் போல இரண்டு தவணை தள்ளிப் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது தைக்கிற ஐயாவின் அளவுக் கொப்பிதான். ஒருவர் சட்டத்தரணியாக வந்தபோது இடுப்பு 30, நீதவானானபோது 32, மாவட்ட நீதிபதியானபோது 35, அப்புறம் நீதிச்சேவை ஆணைக்குழு பரிந்துரைத்து ஜனாதிபதி மேல் நீதிமன்றத்துக்கு நியமித்தபோது 38, எல்லாவற்றையும் வெட்டி வெட்டி எழுதி வைத்திருக்கிறார் (பெயரை விரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டினார்). "61 வயசில ஓய்வு தம்பி, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனா 63, அதுக்குள்ள இன்னொரு கோட்டும் தைப்பினம்" என்று சிரிக்கிறார். 2004 இல் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொழும்பில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்ட கதை வந்தபோது மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

விலை கொஞ்சம் கூடத்தான். அட்டை எடுக்கமாட்டார்கள், காசோடு போங்கள், பத்து நாள் முந்தியே போங்கள்.