சிரியப் போர்: லெபனான் பட்டதும் ஜோர்தான் பட்டதும்

2011-ல் தொடங்கிய சிரியப் போர் இரு நாடுகளுக்கும் அகதிகளை அனுப்பியது. லெபனானுக்கு மட்டும் பகையும் கூடவே வந்தது.

அங்கே அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம் என்று பதவிகளே பிரிவுவாரியாகப் பங்கிடப்பட்டவை. 2012-ல் தலைவர்கள் கூடி, அண்டைச் சண்டைகளில் பக்கம் சேரமாட்டோம் என்று அதிபர் மாளிகை இருக்கும் பாப்தாவில் அறிவித்தார்கள். மறு ஆண்டே லெபனானின் ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லா, அப்போதைய சிரிய அதிபர் அசாதுக்காக வெளிப்படையாகப் போரில் இறங்கியது. வட லெபனான் நகரான திரிபோலியில் சன்னிகளின் பாப் அல்-தப்பானே பகுதியையும் அசாதின் பிரிவினரான அலாவிகளின் ஜபல் மொஹ்சன் பகுதியையும் பிரிப்பது ஒரே ஒரு தெரு. அதன் பெயரே சிரியா தெரு. அதைத் தாண்டிச் சுட்டுக்கொண்டார்கள். 2013 ஆகஸ்டில் அந்நகரின் இரு பள்ளிவாசல்களில் குண்டு வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம் 2014 மே முதல் 2016 அக்டோபர் வரை நாட்டுக்கு அதிபரே இல்லை.

ஜோர்தானில் முஸ்லிம்கள் ஏறக்குறைய எல்லோருமே சன்னிகள். அதனால் தெருச்சண்டை மூளவில்லை. நெருக்கடி தண்ணீரிலும் வேலையிலும் வாடகையிலும் வந்தது. அரசின் திறமைதான் நாட்டைக் காத்தது என்பதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 2016 ஜூனில் சிரிய எல்லையில் உள்ள ருக்பான் அருகே நடந்த தாக்குதலுக்குப் பின் அரசு எல்லையை மூடியது. எல்லைப் பாலைவனத்தில் சிக்கிய பல்லாயிரம் அகதிகள்தான் அந்த அமைதிக்கு விலை கொடுத்தார்கள்.