மரினா பே மொட்டைமாடி பார்கள்: சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு யார் வந்தாலும் இரண்டாவது நாளே கேட்டுவிடுவார்கள்: "அந்தக் கப்பல் கட்டடத்து மேல போய், சூரியன் மறையுறதைப் பார்த்துக்கிட்டே ஒரு ட்ரிங்க் குடிக்கலாமா?" மதுரையிலிருந்து வந்த அத்தானும் இதைத்தான் கேட்டார். நான் ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை பார்ப்பவள். அலுவலகம் விட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் போகக்கூடிய ரூஃப்டாப் பார்கள் எல்லாம் எனக்குப் பழக்கம். எல்லாரும் உயரத்தைப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் திசையைப் பாருங்கள் என்பேன். மரினா பே வளைகுடாவைப் பொறுத்தவரை, மேற்குக் கரையில் இருந்துகொண்டு கிழக்கே பார்க்கும் தாழ்ந்த மாடிகள்தான் மாலைக்கு நல்லவை.

முதலில் நேரக்கணக்கு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் அதிகம் மாறாது. நவம்பர் தொடக்கத்தில் 6.45 மணியை ஒட்டி, பிப்ரவரியிலும் ஜூலையிலும் 7.15 தாண்டி. இங்கே சூரியன் சாய்வாக இறங்குவதில்லை, ஏறத்தாழ நேர்குத்தாக விழுகிறது. மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். ஏழு மணிக்கு வந்து மேசை கேட்டால் வண்ணங்களில் பாதி போயிருக்கும். ஆறேகாலுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும்.

சரி, முதலில் அந்தக் கப்பல். உச்சியில் கப்பல் போன்ற தளம் கொண்ட மரினா பே சாண்ட்ஸ் விடுதியின் 57-ஆவது மாடியில் இருக்கும் சே லா வி பார். ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். முதல் தடவை மேலே போய் வெளியே கால் வைக்கும்போது மனம் துள்ளும் என்பதை மறுக்க மாட்டேன். கிழக்குப் பக்கம் திரும்பினால் நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் கப்பல்கள், கீழே கார்டன்ஸ் பை தி பே. இதைப் பார்க்க மட்டுமே போகலாம். ஆனால் சூரியன் மறைவது மேற்கே. மேற்கே நிற்பது வங்கிக் கோபுரங்களின் சுவர். டிசம்பரில் சூரியன் தஞ்சோங் பகார் பக்கமாக, அந்த வட்டாரத்தின் உயரமான கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நேராக ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரங்களுக்குப் பின்னால். ஜூன், ஜூலையில் மட்டும் கொஞ்சம் வடக்கே தள்ளி, சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு மேலே இறங்கும். அங்கே கட்டடங்கள் தாழ்வு. ஆகவே உங்களுக்கு இந்த மாடிதான் வேண்டும் என்றால் ஆண்டின் நடுவில் வாருங்கள். மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் வெயிலைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, கடைசி நிமிடங்களில் அதைக் கட்டடத்துக்குப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த வளைகுடாவின் மிக அழகான கட்டடத்தின் மேல் உட்கார்ந்தால் அந்தக் கட்டடத்தைப் பார்க்க முடியாது. அந்தப் புகழ்பெற்ற நீச்சல் குளமும் விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

இப்போது கரையின் எதிர்ப்பக்கம் வாருங்கள். ஃபுல்லர்டன் பே ஹோட்டலின் மொட்டைமாடியில் இருக்கும் லேண்டர்ன். பக்கத்தில் இருப்பது 1933-இல் கட்டிய கிளிஃபோர்ட் படகுத்துறை. கப்பலில் வந்த எத்தனையோ பேர் இந்த ஊரில் முதன்முதலில் கால் வைத்த படிகள் அவை. அந்தத் துறையில் சிவப்பு விளக்குத் தொங்கிய நினைவாகத்தான் பாருக்கு இந்தப் பெயர். மாடி ஒன்றும் உயரமில்லை. மரினா பே சாண்ட்ஸ் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே, முழுதாக நிற்கும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் கோபுரங்கள் வெயிலை மறைத்துவிடுவதால், சே லா வியில் ஆட்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே நிழல் விழுந்திருக்கும்.

அதன் பிறகு நடப்பதைத்தான் நான் எல்லாரையும் அழைத்துப் போய்க் காட்டுகிறேன். மரினா பே சாண்ட்ஸின் மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி. செடிகள் வளரும் பால்கனிகள் எல்லாம் கிழக்குப் பக்கம். சூரியன் இறங்க இறங்க, நமக்குப் பின்னால் இருக்கும் கோபுரங்களின் இடைவெளி வழியே வரும் ஒளி அந்தக் கண்ணாடியில் கீற்றுக் கீற்றாக விழும். கோபுரங்களின் நிழல் கீழிருந்து மெதுவாக ஏறும். ஒளி மேல்மாடிகளுக்கு ஒதுங்கி, கடைசியில் உச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். சூரியனை நேரே பார்க்காமலே அது போவதை ஒவ்வொரு மாடியாகப் பார்க்கலாம். இருட்டிய பிறகு, எட்டு மணிக்கு எதிர்க்கரையில் ஸ்பெக்ட்ரா நீர், ஒளிக் காட்சி. இசை இந்தப் பக்கம் சரியாகக் கேட்காது, ஆனால் வண்ணம் தண்ணீரில் பரவுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அத்தான் கையில் கிளாஸைப் பிடித்தபடி குடிக்க மறந்து நின்றார். "இதுக்கு மேல ஏறணுமாம்மா?" என்று அவரே கேட்டார்.

இரண்டாவது, நேஷனல் கேலரியின் ஆறாவது மாடியில் இருக்கும் ஸ்மோக் அண்ட் மிரர்ஸ். காட்சிக்கு லேண்டர்ன் ஒரு படி மேல். ஆனால் இங்கே வந்தால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் கனக்கும். 1929-இல் கட்டிய நகர மண்டபத்தையும் 1939-இல் கட்டிய உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்து 2015-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். கீழே விரிவது பாடாங் புல்வெளி, அதற்கு அப்பால் வளைகுடா. 1943 ஜூலை 5 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு "டெல்லி சலோ" என்று முழங்கியது இந்த நகர மண்டபத்தின் முன்னால்தான். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் ஏராளமானோர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர்கள் சரணடைந்து கையெழுத்திட்டதும் இந்த மண்டபத்தில்தான். அதே புல்வெளியில்தான் 1966-இல் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள், அப்புறம் அந்தப் புல்லைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். இங்கும் சூரியன் நமக்குப் பின்னால்தான். புல்வெளி முதலில் மஞ்சளாகி, பின் பச்சை அடர்ந்து கறுத்துப்போகும். அதற்குள் எதிரே விளக்குகள் வந்துவிடும். காக்டெய்ல்களில் உழைப்பு தெரிகிறது. மதுவில்லாத கலவைகளையும் அவர்கள் சர்க்கரைத் தண்ணீராக விட்டுவிடுவதில்லை. அக்கா குடிப்பதில்லை, அவருக்கு வந்த கிளாஸை நான் இரண்டு தடவை வாங்கிச் சுவைத்தேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எஃப் ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் இந்தச் சாலைகளே பந்தயத் தடம். அப்போது இந்தப் பக்கம் வராதீர்கள்.

மூன்றாவதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கம். சிங்கப்பூர் ஆற்றங்கரையான போட் கீயில், கடைவீட்டு உயரத்திலேயே இருக்கும் சவுத்பிரிட்ஜ். ஐந்து மாடிதான். இங்கே மட்டும் இரண்டு பக்கமும் கிடைக்கும். ஒரு பக்கம் சூரியன் கிளார்க் கீயை நோக்கி ஆற்றின் மேல்பகுதியில் இறங்கும். மறுபக்கம் ஆறு வளைந்து போய் ஃபுல்லர்டனைத் தாண்டி வளைகுடாவில் சேரும். அந்த வளைவைக் கெண்டை மீனின் வயிறு என்று சீனர்கள் நம்பினார்கள், அதனால் செல்வம் தங்கும் என்று அதைச் சுற்றியே கடை வைத்தார்கள். ஆரம்ப நாட்களில் இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள், பலர். 1983-இல்தான் கடைசிப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். 1977-இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவு முடியப் பத்து ஆண்டு ஆனது. இப்போது சுற்றுலாப் படகுகள் விளக்கோடு போகின்றன. இந்த பாரின் பெயரில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நேரே நடந்தால் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் வந்துவிடும். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இங்கே வருவதா என்று அக்கா தயங்கினார். கோயிலுக்கு மறுநாள் காலையில் போனோம்.

சவுத்பிரிட்ஜில் சிப்பி பெயர்பெற்றது. கடல் உணவு பிடித்தவர்கள் துணிந்து கேட்கலாம். இடம் சிறியது. வேலை நாளில், குறிப்பாகச் செவ்வாய், புதன், போனால் பேசுவது காதில் விழும். வெள்ளிக்கிழமை இந்தப் பகுதி அலுவலகங்கள் மொத்தமாக இறங்கிவிடும்.

பீர் மட்டும் குடிப்பவர்களுக்கு லெவல் 33. மரினா பே ஃபினான்ஷியல் சென்டரின் முதல் கோபுரத்தில் 33-ஆவது மாடி. கண்ணுக்கு எதிரே செம்புக் கலன்களில் அங்கேயே காய்ச்சுகிறார்கள். மொட்டைமாடி என்று சொல்ல முடியாது, வெளித்தளம் உண்டு. அந்தத் தளத்தில் இடம் கிடைத்தால் போங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது இந்த மாலைக்குப் பொருந்தாது.

காசு கொடுக்காமல் உயரம் பார்க்க வேண்டுமா? மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கேபிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் 51-ஆவது மாடித் தோட்டம் வேலை நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். ஆனால் மாலை ஆறுக்கு மூடிவிடுவார்கள். எனவே அதை முதலில் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, நடந்தே பாருக்கு வந்துவிடலாம். செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. நம் ஆட்கள் அதைச் செட்டித் தெரு என்றே சொல்லி வந்தார்கள். பெட்டகமும் கணக்குப் புத்தகமுமாக அவர்கள் தரையில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த தெருவில் இப்போது 280 மீட்டர் உயரக் கட்டடம் நிற்கிறது.

பில் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டியும் தனியாக வரும். 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருக்கும் காக்டெய்ல் கையில் வரும்போது கிட்டத்தட்ட 30 வெள்ளி. நாலு பேர், ஆளுக்கு இரண்டு என்றால் 240 வெள்ளி. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விருந்தாளி மனத்துக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வானம் தெரியாது. ஒரு காக்டெய்லோடு நிறுத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் மெதுவாக உட்காருவதே என் வழக்கம். டிப்ஸ் வேறு வைக்கத் தேவையில்லை.

முன்பதிவு செய்யும்போது "விளிம்பு மேசை" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு பாரில், அதன் பெயர் வேண்டாம், தொலைபேசியில் உறுதி சொல்லிவிட்டு, போனதும் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். விளிம்பில் உட்கார தனிக் குறைந்தபட்சச் செலவாம். அதை முன்பே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். வயதான பெற்றோரோடு வந்தவர்களை இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை. இப்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்காமல் நான் பதிவதில்லை: விளிம்பு மேசையா, குறைந்தபட்சச் செலவு உண்டா, 18 வயதுக்குக் கீழ் பிள்ளைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பீர்கள். உடை பற்றியும் கேளுங்கள். ரப்பர் செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் போனால் மாலைக்கு மேல் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். புடவைக்கும் ஜிப்பாவுக்கும் எங்கும் மரியாதை உண்டு.

மழையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் இடியைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் இருந்தால் திறந்த தளத்தை மூடிவிடுவார்கள். நாலு மணிக்கு இடித்தால் பதிவை உடனே ரத்து செய்யாதீர்கள். பெரும்பாலும் ஆறுக்குள் ஓய்ந்துவிடும், மழை கழுவிய வானத்தில்தான் சிவப்பு நன்றாக ஏறும்.

சாப்பாட்டை பாரில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கொடுக்கும் காசில், பத்து நிமிட நடையில் இருக்கும் லாவ் பா சாட்டில் வயிறு நிறைந்துவிடும். 1894-ஆம் ஆண்டு எண்கோண இரும்புக் கூடம் அது. மாலை ஏழுக்கு மேல் பக்கத்துத் தெருவை மூடி, சத்தே (குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி) கரி அடுப்புகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். சைவம் என்றால் ராஃபிள்ஸ் பிளேஸில் எம்ஆர்டி ரயில் ஏறி, தோபி காட்டில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள். 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ் அங்கே பக்கத்தில்தான். அக்காவுக்கு அன்றைக்கு அங்கே தோசை, அத்தானுக்கு பூரி.